அயர்லாந்துக்கு எடுபட்ட பிள்ளை

என் கணவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஞானேஸ்வரன். லண்டனில் சனம் வைத்த பெயர் மைக் ஞானம். தொழில் எலெக்ட்ரீசியன் வேலை. ஆனால் இல்ஃபோர்டிலோ நோர்பரியிலோ எங்கள் ஆட்களின் பிறந்தநாள், கலியாணம், அரங்கேற்றம் என்று எது நடந்தாலும் மேடையில் மைக்கோடு நிற்பது அவர்தான். யாரும் கூப்பிடாவிட்டாலும், மைக் வேலை செய்கிறதா என்று பார்க்கப் போகிறவர்போல் போய், அப்படியே அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிடுவார். பிறகு கேக் வெட்டுகிற வரைக்கும் அதை அவரிடமிருந்து பறிக்க முடியாது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதற்காக யாரும் இரங்க வேண்டாம், நாங்கள் அதைத் தாண்டி வந்து கனகாலம் ஆகிவிட்டது. அப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மனிசன் எத்தனை பிள்ளைகளுக்கு மேடையில் நின்று வாழ்த்துச் சொல்லியிருக்கிறார், அதில் ஒன்றாவது தன்னுடையதாக இருந்திருக்கலாமே என்று எத்தனை தரம் நினைத்திருப்பார் என்பதெல்லாம் என் தங்கை மகள் வந்து நின்ற அந்தக் கிழமைதான் எனக்கு விளங்கியது.

மிதுஷா, என் தங்கை கௌசியின் ஒரே மகள். நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்தவள். சின்ன வயதிலேயே தகப்பன் போய்விட்டார். கௌசி ஒரு ஆஸ்பத்திரியில் இரத்தம் பரிசோதிக்கும் பகுதியில் வேலை செய்து, பகல் ஷிப்ட் இரவு ஷிப்ட் என்று பாராமல் ஓடி இவளை வளர்த்தாள். ஆஸ்பத்திரியில் டொக்டர்மார் நடந்து போகிற தோரணையைப் பார்த்துப் பார்த்தே, மகளும் ஒருநாள் அப்படி நடக்க வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தாள். மிதுஷாவும் பென்சில்வேனியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பயோலஜி எடுத்து இரண்டு வருடம் முடித்திருந்தாள். அந்தப் படிப்பை முடித்த பிறகுதான் அமெரிக்காவில் மெடிக்கலுக்கு விண்ணப்பிக்கலாமாம். இடையில் அயர்லாந்தில் கால்வே என்ற ஊரில் ஒரு தவணை போய்ப் படித்துவிட்டு வந்தவள், இந்தக் கோடை விடுமுறைக்கு எங்களிடம் வருகிறேன் என்றாள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. வரப்போகிறாள் என்று கேட்டதுமே ஃப்ரிட்ஜை நிரப்பிவிட்டேன்.

வந்த அன்று இரவு சாப்பாட்டு மேசையில் இடியப்பமும் சொதியும். மிதுஷா பேசுவதில் பாதி ஆங்கிலம்தான். நான் வசதிக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே தமிழாக்கிச் சொல்கிறேன்.

"பெரியப்பா, எனக்கு அயர்லாந்தில இடம் கிடைச்சிருக்கு. கால்வேயில. ட்ரான்ஸ்ஃபர். ஆனா நான் இன்னும் ஓமெண்டு சொல்லேல்லை."

"அப்பிடியே! எத்தினையாம் வருசத்துக்கு?"

"செகண்ட் இயர். திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்ல வேணும்."

"பிறகென்ன யோசினை? சந்தோசம் பிள்ளை, நல்ல சந்தோசம்! கமலா, கேட்டனீரே?"

நான் கேட்டேன். "அம்மாட்டைச் சொல்லீட்டியோ?" என்றும் கேட்டேன். "இன்னும் இல்லை பெரியம்மா. முதல் உங்களோட கதைக்கத்தான் வந்தனான்" என்றாள். அந்த இடத்தில் நான் இருந்து கதைத்திருக்க வேண்டும். இடியப்பம் முடிந்துவிட்டது என்று எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டேன். மனிசனோ சொதியை உறிஞ்சிக்கொண்டு எங்கேயோ உயரத்தில் பறந்துகொண்டிருந்தார்.

எந்தப் படிப்புக்கு என்று எங்கள் இரண்டு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? எங்களுக்குத் தெரிந்து அயர்லாந்துக்குப் படிக்கப் போன தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் டொக்டருக்குத்தான் போனார்கள். இங்கே இடம் கிடைக்காவிட்டால் அங்கே. அங்கேயும் கிடைக்காவிட்டால் பல்கேரியா. இது எங்கள் சனத்துக்குப் பஸ் ரூட் மாதிரி மனப்பாடம். பயோலஜி படிக்கிற பிள்ளை அயர்லாந்துக்குப் போகிறது என்றால் அதற்கு மேல் என்ன கேள்வி இருக்கிறது?

வெள்ளிக்கிழமை வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போனோம். நானும் மிதுஷாவும் ரயிலில் போக, மனிசன் வேலைத்தலத்திலிருந்து நேரே வந்தார். காற்சட்டையில் சீமெந்துத் தூசி, கையில் பெரிய அர்ச்சனைத் தட்டு. மிதுஷாவின் பெயர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்வித்தார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். நான் அவர் பக்கத்தில் நின்று, இவ்வளவு நாளும் என்னவெல்லாம் கேட்டு நின்ற சன்னிதியில் இன்றைக்குச் சும்மா கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். அப்படி ஒரு நிறைவு.

பிறகு சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது மனிசன் பக்கத்தில் நின்றவரிடம் இரகசியம் சொன்னார். இவருடைய இரகசியம் செருப்பு வைக்கிற இடம்வரை கேட்கும்.

"என்ர பெறாமகள். டொக்டருக்கு எடுபட்டிட்டா. அயர்லாந்தில. நேரா ரெண்டாம் வருசம்!"

அவ்வளவுதான். சோறு கைக்கு வருவதற்குள் கதை நோர்பரிக்குப் போய், அங்கிருந்து டொரோண்டோவுக்குப் பாய்ந்துவிட்டது. யார் யாரோ வந்து மிதுஷாவின் கன்னத்தைத் தடவினார்கள். ஒரு அம்மா அவள் கையைப் பிடித்துத் தன் முழங்கால் நோவைப் பற்றி விவரமாகச் சொல்லத் தொடங்கிவிட்டார். அந்தப் பிள்ளை ஒன்றும் விளங்காமல் எல்லோருக்கும் சிரித்துச் சிரித்துத் தலையாட்டிக்கொண்டு நின்றது. எனக்கோ பெருமை பிடிபடவில்லை.

திரும்பி வரும்போது ரயில் ஸ்ட்ராட்ஃபோர்ட் பக்கம் சுரங்கத்திலிருந்து வெளியே வந்ததும் மிதுஷாவின் போன் அடித்தது. கௌசி. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத குரல். ஸ்பீக்கரில் போடாமலே எனக்குக் கேட்டது.

"மிதுக்குட்டி! என்ர செல்லம்! டொரோண்டோவில இருந்து எடுத்துச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு சர்ப்ரைஸ் தர இருந்தனீ என்ன? கள்ளி! நேரா டொக்டர் படிப்போ? நான் வேலையில நிண்டு குழறிப்போட்டன். எல்லாரும் என்னவோ ஏதோ எண்டு ஓடி வந்திட்டினம். இனி நான் செத்தாலும் சந்தோசமாச் சாவன் பிள்ளை!"

மிதுஷா வாயைத் திறந்தாள். மூடினாள். ஜன்னலைப் பார்த்தாள். பிறகு மெல்லமாக, "ஓம் அம்மா" என்றாள். கௌசி அதற்குப் பிறகும் கனநேரம் கதைத்தாள். இந்தப் பிள்ளை ஓம் அம்மா, ஓம் அம்மா என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. போனை வைத்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன். டொக்டருக்கு எடுபட்ட பிள்ளையின் முகம் இல்லை அது.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்த பிறகுதான் சொன்னாள்.

"பெரியம்மா, அது டொக்டர் இல்லை. நான் அப்பிடி ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"பிறகு?"

"மரைன் சயன்ஸ். கடல். எனக்கு விருப்பம் சீவீட். கடற்பாசி."

நான் பொய் சொல்ல மாட்டேன், எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "பாசியோ? கால் வைச்சா வழுக்குமே, அதோ?"

"ஓம் பெரியம்மா, அதேதான்" என்று அவளும் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே அழவும் தொடங்கிவிட்டாள்.

போனை எடுத்துப் படங்களைக் காட்டினாள். கால்வேயில் படித்தபோது எடுத்தவை. கறுத்தக் கற்பாறைகள், சாம்பல் நிறக் கடல், அதில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு இவள். குளிரில் மூக்கு சிவந்து, தலைமயிர் முகமெல்லாம் ஒட்டி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். இந்தப் பிள்ளை இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பிறந்தநாள் படங்களில்கூட அவள் வாய் மூடித்தான் சிரிப்பாள். ஒவ்வொரு பாசியாகக் காட்டிப் பெயர் சொன்னாள். சிவப்பு, மண்ணிறம், பட்டுப்போல் பச்சை. ஒன்றைப் பாலில் போட்டுக் காய்ச்சினால் பால் கட்டியாகிவிடுமாம், அந்த ஊரில் புடிங் செய்து சாப்பிடுகிறார்களாம். கண்ணீரைத் துடைத்துத் துடைத்துச் சொன்னாள். அடுப்பில் வைத்த உலை கொதித்து வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

அதில் ஒரு கரைச்சலும் இருந்தது. அமெரிக்காவில் முதல் இரண்டு வருடமும் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படிப்பார்களாம், சரித்திரம், நாடகம் என்றுகூட. அயர்லாந்தில் முதல் நாளிலிருந்தே எடுத்த பாடம் மட்டும்தானாம். அதனால் இவள் படித்ததில் பாதியை அங்கே கணக்கில் எடுக்க மாட்டார்கள். மூன்றாம் வருடம் போக வேண்டியவள் திரும்ப இரண்டாம் வருடத்தில் இருக்க வேண்டும். ஒரு வருடம் வீண். இதைத் தாயிடம் எப்படிச் சொல்வது என்று கேட்கத்தான் லண்டனுக்கு வந்திருக்கிறாள். நான் அவளுக்கு மூன்று நேரமும் சாப்பாடு போட்டேனே தவிர, அதைக் கேட்கவில்லை.

"இப்ப என்ன செய்யப் போறாய்?"

"போகேல்லை. திங்கக்கிழமை நோ எண்டு அனுப்பப் போறன். திரும்பிப் போய் பயோலஜியை முடிச்சு, மெடிக்கலுக்கு ட்ரை பண்றன்."

"விசரே உனக்கு?"

"அம்மா சொன்னதைக் கேட்டனீங்கள்தானே பெரியம்மா. செத்தாலும் சந்தோசமாச் சாவனெண்டு. எனக்காக அம்மா எவ்வளவு கஷ்டப்பட்டவ. இப்ப அவவின்ர வேலையில எல்லாருக்கும் தெரியும். இதுக்குப் பிறகு நான் போய் சீவீட் எண்டு சொன்னா, அம்மா எல்லாருக்கும் முன்னால என்னெண்டு நிக்கிறது? அயர்லாந்தில மெடிக்கல் சரிவரேல்லை எண்டு சொல்லலாம். அது அம்மாக்கு ஓகே."

இருபது வயதுப் பிள்ளை. தன் சந்தோசத்தைத் தாயின் மானத்துக்கு ஈடாக எடுத்து வைக்கிறது. அவள் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு மைக் ஞானம் வருகிறார், கையில் கேக் பெட்டி. மிதுஷா விசுக்கென்று எழும்பி மாடிக்குப் போய்விட்டாள். நான் மனிசனைப் பிடித்துக்கொண்டேன்.

"இஞ்சருங்கோ, அந்தப் பிள்ளை என்ன படிக்கப் போகுதெண்டு கேட்டனீங்களோ?"

"இதென்ன கேள்வி? பயோலஜி படிக்கிற பிள்ளை அயர்லாந்துக்கு வேறை என்னத்துக்குப் போறது?"

"கேட்டனீங்களோ, இல்லையோ?"

"...இல்லை."

"டொக்டரும் இல்லை, ஒண்டும் இல்லை! நீங்கள் ஊரெல்லாம் பறை தட்டினதில அது கிடைச்ச இடத்தையும் விட்டுட்டுத் திரும்பிப் போகப் போகுது."

கேக் பெட்டியை மெல்ல மேசையில் வைத்தார். "பிறகு என்னவாம் படிப்பு?"

"அதைப் போய் அவளிட்டைக் கேளுங்கோ. நான் சொல்ல மாட்டன்."

அவர் போய்க் கேட்கவில்லை. வெட்கம். பேசியே பழகிய மனிசனுக்கு வாய் எழவில்லை. சனிக்கிழமை முழுக்கப் பின்வளவுக் கொட்டிலுக்குள் இருந்து பழைய வயர்களைச் சுருட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்கும்போது கொஞ்சம் தணிந்துதான் சொன்னேன்.

"ஒவ்வொருத்தருக்கா எடுத்துச் சொல்லுங்கோவன், நான் அவசரப்பட்டுச் சொல்லிப்போட்டன் எண்டு."

"எத்தினை பேருக்கெண்டு எடுக்கிறது கமலா?"

"சொல்லேக்கை எண்ணினனீங்களோ?"

அவர் வயரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எல்லாரின்ர பிள்ளையளையும் பற்றி நான்தான் மைக்கில சொல்லுறனான். எங்கட பிள்ளையைப் பற்றி ஒருக்காச் சொல்லலாமெண்டு பாத்தன். நீர் அதுக்கு என்னை ஏசாதையும்."

நான் கப்பைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்குள் வந்து குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். ஆனாலும் கோபம் போகவில்லை. பாவம் என்பது வேறு, பிழை என்பது வேறு.

ஞாயிற்றுக்கிழமை நோர்பரியில் கிறிஸ்துநாயகம் அண்ணையின் அறுபதாவது பிறந்தநாள். மனிசனின் பழைய சிநேகிதர், அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். பெரிய ஹோல், மத்தியானச் சாப்பாடு. வழக்கம்போல வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் பார்ப்பதற்காக மேடைக்கு முன்னால் கமரா வைத்து நேரலையாக விட்டுக்கொண்டிருந்தார்கள். கௌசியும் நியூ ஜெர்சியிலிருந்து பார்க்கிறேன் என்று காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தாள். மகளை எல்லோரும் வாழ்த்துவதைப் பார்க்க வேண்டுமாம். மிதுஷா என் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, கலியாணத்துக்குச் சம்மதமில்லாத பெண்ணைப்போல் இருந்தாள். போக வேண்டாம், தலையிடி என்று சொல்லலாம் என்றேன். "இட்ஸ் ஓகே பெரியம்மா" என்றாள். எல்லாவற்றுக்கும் அந்தப் பிள்ளைக்கு இட்ஸ் ஓகேதான்.

மைக் யாரிடம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அன்று அவர் வழக்கமான பகிடி ஒன்றும் விடவில்லை. பெயரை வாசிப்பதும் கூப்பிடுவதுமாக இருந்தார். சனத்துக்கு அது புதுமையாக இருந்திருக்கும்.

கேக் வெட்டுவதற்கு முன்னால் கிறிஸ்துநாயகம் அண்ணை மைக்கை வாங்கினார். "என்ர பிறந்தநாள் இருக்கட்டும். இண்டைக்கு இன்னொரு சந்தோசம் இருக்கு. எங்கட ஞானத்தின்ர பெறாமகள் டொக்டருக்கு எடுபட்டிருக்கிறா. பிள்ளை, மேடைக்கு வாங்கோ!" அவர் மனைவி றோஸ்மலர் வண்ணத்தாள் சுற்றிய பெட்டி ஒன்றை நீட்டினார். எல்லோருக்கும் முன்னால் பிரிக்கச் சொன்னார்கள். உள்ளே ஒரு ஸ்டெதஸ்கோப். அசல், நல்ல விலைச் சாமான். ஹோல் முழுக்கக் கைதட்டல். மிதுஷா அதைக் கையில் வைத்துக்கொண்டு கமராவைப் பார்த்தாள். அந்தக் கமராவுக்குப் பின்னால் தாய் இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். கைதட்டல் முடிந்ததும் இந்தப் பொய் கல்வெட்டாகிவிடும், பிறகு ஒருவராலும் அழிக்க முடியாது என்று தெரிந்தது.

மனிசன் மைக்கைத் திரும்ப வாங்கினார். தொண்டையைச் செருமினார். மைக் கீச்சிட்டது.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றார். வணக்கம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. "ஒரு பிழை நடந்து போச்சு. பிழை என்ரது. பிள்ளையின்ரது இல்லை. பிள்ளை தனக்கு இடம் கிடைச்சிருக்கெண்டுதான் சொன்னது. டொக்டருக்கெண்டு சொன்னது நான். நான் கேக்கேல்லை. கேக்காமல் கோயில்ல வைச்சுச் சொல்லிப்போட்டன்."

ஹோலில் முள்ளுக்கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. அவர் முகம் வேர்த்திருந்தது. வருடக்கணக்காக இந்த மேடைகளில் நிமிர்ந்து நின்ற மனிசன், தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார். பிறகு சனத்தை விட்டுவிட்டு மிதுஷாவின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, பெரியப்பா முந்தியே கேட்டிருக்க வேணும். இப்ப கேக்கிறன். உனக்கு என்ன படிக்க விருப்பம்?"

ஐயோ, இந்த மனிசன் திரும்பவும் பிழை விடுகிறாரே, இத்தனை சனத்துக்கு முன்னால் வைத்துப் பிள்ளையைக் கேட்கிறாரே என்று நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். இட்ஸ் ஓகே, டொக்டர்தான் என்று அவள் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது.

மிதுஷா அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோயிலில் யாரும் அவளைக் கேட்கவில்லை, ரயிலில் தாயும் கேட்கவில்லை, எல்லோரும் அவளுக்குச் சொன்னார்கள். சொன்னதற்கு ஓம் போடத் தெரிந்த பிள்ளைக்கு, நேரே கேட்டால் பொய் சொல்லத் தெரியவில்லை. மைக்கை வாங்கினாள்.

"எனக்கு... கடற்பாசி படிக்க விருப்பம்" என்றாள் தமிழில். சொல் சொல்லாகத்தான் வந்தது. "கடல்ல இருக்கிற செடி மாதிரி. அயர்லாந்தில அது கனக்க இருக்கு. எனக்கு அது நல்ல விருப்பம்." கமராவைப் பார்த்தாள். "டொக்டர் இல்லை. ஸொறி அம்மா."

பிறகு கிறிஸ்துநாயகம் அண்ணை, நல்ல மனிசன், அவர் நூறு வயது இருக்க வேண்டும், பெரிய குரலில் கேட்டார்: "அப்ப இந்தக் குழாயைப் பாசிக்கு வைச்சுப் பாக்கேலாதோ பிள்ளை?" ஹோல் சிரித்தது. மிதுஷாவும் சிரித்தாள். படத்தில் பார்த்த அதே சிரிப்பு, பல்லெல்லாம் தெரிய.

ஆனால் கௌசியிடமிருந்து போன் வரவில்லை. கேக் வெட்டினார்கள், சாப்பாடு போட்டார்கள், வரவில்லை. மிதுஷா கோழிக்கறியைக் கிளறிக்கொண்டிருந்தாள். நான் எடுத்துப் பார்த்தேன், கௌசி எடுக்கவில்லை. மேடையில் காட்டிய துணிவெல்லாம் அந்தப் பிள்ளையின் முகத்திலிருந்து மெல்ல மெல்ல வடிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாய் வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் இவள் நாளைக்கு நோ என்றுதான் அனுப்புவாள். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

பிறகு என் போன் அடித்தது. மகளுக்கு இல்லை, எனக்கு. நான் மிதுஷாவைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு கார் தரிப்பிடத்துக்குப் போனேன்.

"அக்கா."

"சொல்லு."

"எனக்கு வந்த கோவத்துக்கு முதல்லயே எடுத்திருந்தா அத்தானைக் கண்டபடி பேசியிருப்பன். அதுதான் எடுக்கேல்லை. குளியலறைக்குள்ள போய் இருந்தனான்."

"நீ அழுதனியோ?"

"அழாமல்? சந்தோசமாச் சாவனெண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். இனிச் சாகாமல் இருக்க வேண்டியதுதான்." மூக்கை உறிஞ்சினாள். "அக்கா, அத்தான் அவளிட்டைக் கேட்டாரே ஒரு கேள்வி. அதை நான் அவளிட்டை ஒருநாளும் கேக்கேல்லை. சின்னனில ஒருக்கா வெள்ளைக் கோட்டுப் போட்டுவிட்டுப் படம் எடுத்தனான். அதோட எல்லாம் முடிவெண்டு இருந்திட்டன். பிள்ளை இவ்வளவு காலமும் எனக்காகவே படிச்சது?"

போனை மிதுஷாவிடம் கொடுத்தேன். அவள் ஸ்பீக்கரில் போட்டாள், தனியாகக் கேட்கப் பயம்போல.

"அம்மா?"

"அந்தப் பாசிக்கு அங்க குளிருமே?"

"ஓம் அம்மா. நல்லாக் குளிரும்."

"நல்ல பூட்ஸ் இருக்கோ?"

"இருக்கு அம்மா."

"ரெண்டாம் வருசமெண்டா ஒரு வருசம் வீணாப் போகுமே?"

"ஓம். திரும்ப ரெண்டாம் வருசம்தான்." மிதுஷா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா வேண்டாமெண்டா நான் போகேல்லை."

நான் என் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

"எப்ப கடைசி நாள்?"

"நாளைக்கு."

"பிறகேன் என்னோட நிண்டு கதைச்சுக்கொண்டிருக்கிறாய்?" என்று கௌசி அதட்டினாள். குரல் உடைந்தது. "போனை வைச்சிட்டுப் போய் ஓமெண்டு அனுப்பு பிள்ளை!"

குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றபடியே அனுப்பினாள். அனுப்பிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு ஹோலுக்குள் ஓடினாள். கதவிடுக்கால் பார்த்தேன். மேடையோரம் வயர் சுற்றிக்கொண்டிருந்த பெரியப்பாவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு நிற்கிறாள். அந்த மனிசனுக்குக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை, வயரைப் பிடித்தபடியே நின்றார்.

இத்தனை வருடத்தில் நான் என் மனிசனைத் திட்டியிருக்கிறேன், அவருக்காக அழுதிருக்கிறேன், விரதம் பிடித்திருக்கிறேன். நன்றி என்று சொன்னதில்லை. எங்கள் வீடுகளில் கணவன் மனைவிக்குள் அந்தச் சொல் புழங்குவதில்லை, சொன்னால் பகிடியாக இருக்கும். அன்று வீட்டுக்குப் போகும் வழியில், பின் சீட்டில் மிதுஷா நித்திரையான பிறகு, சொன்னேன். அவர் காரை ஓட்டிக்கொண்டே சந்தேகமாக என்னைப் பார்த்தார்.

"என்னத்துக்கு?"

"கேட்டதுக்கு" என்றேன்.